ஈறுக்குச் சாப்பிட்ட மாத்திரை

"இந்த மாத்திரை சாப்பிடற வரைக்கும் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது," என்றார் டாக்டர் லாவண்யா.

பெர்னார்டின் வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியும் ஒரு கொக்கியும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன. "நான் குடிக்கற ஆளே இல்லையேம்மா" என்று அவர் சொன்னது வெறும் ஆ, ஊ, ஏ என்று வெளியே வந்தது. டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

குழாயை எடுத்ததும் பெர்னார்ட் கேட்ட முதல் வார்த்தை, "ஒயின்?"

"ஒயின், பீர், பிராந்தி, ரம் ஊத்தின கேக், எதுவும் கூடாது. குடிச்சா மூஞ்சி சிவந்துடும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், வாந்தி எடுப்பீங்க. மாத்திரை முடிஞ்சும் ரெண்டு மூணு நாள் தொடக் கூடாது."

"டாக்டரம்மா, நாளைக்கு என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். நான்தான் கிளாஸைத் தூக்கி டோஸ்ட் சொல்லணும். க்ளீனிங் இன்னிக்கு ஆயிடுச்சு, மாத்திரையை மட்டும் அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

லாவண்யா கையுறையைக் கழற்றினார். அவருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஆனால் பல் டாக்டர் நாற்காலியில் மல்லாந்து கிடப்பவருக்கு எல்லா டாக்டரும் பெரியவர்தான்.

"சார், கீழ் வரிசையில நாலு பல்லு ஆடுது. ஈறு பல்லை விட்டுக் கழண்டு பை மாதிரி இறங்கியிருக்கு. உள்ள சீழ். எலும்பே கரைஞ்சிருக்கறதை எக்ஸ்ரேல காட்டினேன். நான் வேர் வரைக்கும் இறங்கிச் சுரண்டறேன். என் கருவி போகாத இடத்துல ஒளிஞ்சிருக்கற கிருமியை மாத்திரை பார்த்துக்கும். ரெண்டும் ஒண்ணா நடந்தாத்தான் பிரயோஜனம். இன்னிக்கு மேல் வரிசை ஆச்சு, திங்கக்கிழமை கீழ் வரிசை. மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

"எல்லாத்தையுமே கல்யாணம் முடிஞ்சு..."

"மாதா திருவிழா முடியட்டும்னீங்க. அப்புறம் கிறிஸ்துமஸ் முடியட்டும்னீங்க. கல்யாண போட்டோல உங்க வாயில பல்லு இருக்கணுமா, வேண்டாமா?"

பெர்னார்ட் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

அவர் குடிகாரர் இல்லை என்பதைக் காக்ஸ் டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதாவது அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை வரை சொல்லியிருப்பார்கள். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ், ஈஸ்டருக்கு ஒரு கிளாஸ், சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஒரு கிளாஸ். அதுவும் மனைவி கேத்தரின் கறுப்புத் திராட்சையில் வீட்டிலேயே ஜாடியில் போடும் ஒயின். அதைக் குடித்து இதுவரை யாருக்கும் போதை ஏறியதில்லை. ஒன்றிரண்டு பேருக்கு வயிறு போயிருக்கிறது.

கேத்தரின் விஷயத்தைக் கேட்டதும் சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"ஈறு வியாதின்னு சம்பந்தி வீட்டுல மூச்சு விடக் கூடாது."

"ஏன்? பல் டாக்டர்கிட்ட போறது ஒரு குத்தமா?"

"அப்பனுக்கு இருக்கறது பொண்ணுக்கு வராதான்னு கேப்பாங்க. ஆஞ்சலாவுக்கு வாய் நாறும்னு எவளாவது ஒருத்தி ஆரம்பிச்சு வெச்சா போதும். இதுக்கு முந்தி ரெண்டு இடம் எப்படிப் போச்சுன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. முதல் மாப்பிள்ளை துபாயிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். இரண்டாவது மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு டீச்சரா? அப்ப வாய் ஜாஸ்தியா இருக்குமே" என்று சொல்லிவிட்டு, வைத்த பலகாரத்தை முழுதும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஆஞ்சலாவுக்கு இருபத்தொன்பது வயது. இப்போது வந்திருக்கும் ஜாய்சன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். அமைதியான பையன். அவன் ஃபோன் செய்தால் ஆஞ்சலா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று. இதுவும் கைவிட்டுப் போனால் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தாலே பெர்னார்டுக்கு ஆடாத பல்லும் ஆடியது.

"சரி, டோஸ்டுக்கு என்ன பண்றது?"

"உங்க கிளாஸ்ல மட்டும் திராட்சை ஸ்குவாஷ் ஊத்தறேன். கலர் ஒண்ணுதான். எவனுக்குத் தெரியப்போகுது?"

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை பங்குச் சாமியார் வந்து ஜெபம் செய்து, மோதிரம் மாற்றி, கேக் வெட்டியாயிற்று. பெர்னார்ட் ஸ்குவாஷ் கிளாஸை உயர்த்தி நாலு வரி பேசினார். மேல் ஈறு வலித்தாலும் நன்றாகவே பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வாய் குடித்தார். தப்பித்தோம் என்று அவர் நினைத்த அந்த நொடியில்தான் ஜாய்சனின் அப்பா அப்பாதுரை பக்கத்தில் வந்து நின்றார்.

அப்பாதுரை தந்தி ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வார்த்தைக்குக் காசு என்பது போலப் பேசுவார்.

"எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்கு சார். சம்பந்திங்க கிளாஸை மாத்திக் குடிப்போம்."

பெர்னார்ட் வாயைத் திறப்பதற்குள் கிளாஸ் கைமாறிவிட்டது. அப்பாதுரை ஒரு வாய் குடித்தார். நின்றார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதே நேரத்தில் அசல் ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு பெர்னார்ட் குரோட்டன்ஸ் தொட்டியை நோக்கி ஓரமாக நகர்ந்து, இலைகளைப் பார்த்து ரசிப்பது போலக் குனிந்து, கிளாஸைக் கவிழ்த்தார். நிமிர்ந்தபோது அப்பாதுரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஸ்குவாஷ்," என்றார் அப்பாதுரை.

பெர்னார்டுக்கு வேர்த்துவிட்டது. ஈறு என்று சொல்லக் கூடாது. வேறு எதையாவது சொல்லியாக வேண்டும். "சார், தப்பா நினைக்காதீங்க," என்று காதருகே குனிந்தார். "நான் ஒரு மாத்திரை சாப்பிடறேன். அதைச் சாப்பிட்டுட்டுக் குடிச்சா வாந்தி வரும். அதான்."

அப்பாதுரையின் முகம் மாறியது. அவர் பெர்னார்டின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"புரியுது சார். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"தங்கமான மனுஷன்," என்று அன்று ராத்திரி பெர்னார்ட் கேத்தரினிடம் சொன்னார். "ஒரு கேள்வி கேக்கல."

மறுநாள் ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்; இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். மூன்றும் முடிந்ததும் புதன்கிழமை கல்யாணம். பெர்னார்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். பக்கத்து வீட்டு நாணு கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். நாணு ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவர். இப்போது அவர் மேற்பார்வை பார்ப்பதெல்லாம் அந்தத் தெருவைத்தான்.

"பெர்னார்ட் சாரே, நேத்து உங்க பின்னாலதான் நின்னுட்டிருந்தேன், சம்பந்திகிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. நல்ல முடிவு எடுத்தீங்க."

"என்ன முடிவு?"

"எங்க மச்சானுக்கும் அதே மாத்திரைதான் குடுத்தாங்க. குடியை விடறதுக்கு. சாப்பிட்டுட்டுக் குடிச்சா குடல் வெளிய வந்துடும். நாலு தடவை வாந்தி எடுத்தான், அப்புறம் பாட்டில் பக்கமே போகல. எங்களுக்குத் தெரிஞ்சு நீங்க குடிக்கலேன்னாலும், உள்ள இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல சாரே."

பெர்னார்ட் கேட்டைப் பிடித்துக்கொண்டார். 'புரியுது சார், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.' அந்தத் தங்கமான மனுஷனுக்கு என்ன புரிந்தது என்பது இப்போதுதான் இவருக்குப் புரிந்தது.

"நாணு, அது அந்த மாத்திரை இல்ல."

"எங்க மச்சானும் முதல்ல அப்படித்தான் சொன்னான்."

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஈறைப் பற்றிப் பேச வேண்டாம். 'நான் குடிகாரன் இல்லை' என்று மட்டும் சொன்னால் போதும். கேத்தரினும் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஞாயிறன்று அப்பாதுரை ஆனேக்கலில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வாய்த்தது. திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் கீழ் வரிசைக்கு டீப் க்ளீனிங்.

லாவண்யா இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டார். முக்கால் மணி நேரம் சுரண்டினார். பெர்னார்டுக்கு வலி தெரியவில்லை. வலி மட்டுமல்ல, நாக்கு எங்கே இருக்கிறது, உதடு எங்கே முடிகிறது, எதுவுமே தெரியவில்லை.

"நேரா வீட்டுக்குப் போங்க. ரெண்டு மூணு மணி நேரம் சூடா எதுவும் குடிக்காதீங்க, அதிகம் பேசாதீங்க," என்றார் டாக்டர்.

அவர் நேராக ஆட்டோ பிடித்து ஜோகுபாளையத்தில் இருந்த அப்பாதுரை வீட்டுக்குப் போனார். ஜோகுபாளையம் என்ற பெயரை டிரைவருக்குப் புரியவைக்கவே நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. டிரைவர் திரும்பி அவருடைய கண்ணைப் பார்த்தார். "சார், வாந்தி வர்ற மாதிரி இருந்தா மொதல்லயே சொல்லிபிடி. சீட் கவர் ஹொஸது, புதுசு," என்றார் பாதிக் கன்னடத்தில்.

அப்பாதுரை கதவைத் திறந்தார்.

"நா... குழிகாழன்... இழ்ழ," என்றார் பெர்னார்ட். கீழுதடு ஒரு பக்கம் தொங்கியது. வாயோரம் எச்சில் வழிந்தது, அவருக்குத் தெரியவில்லை. குடிக்காத எவரும் மாலை ஏழு மணிக்கு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி முதல் வார்த்தையாக இதைச் சொல்வதில்லை என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

அப்பாதுரை தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவரை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருடைய மனைவி அல்போன்சா அதிகம் பேசாத அம்மாள். பெர்னார்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், உள்ளே போய்க் காப்பி போட்டார். வேண்டாம் என்று சொல்ல பெர்னார்டுக்கு வாய் வரவில்லை. டம்ளரை உதட்டில் வைத்ததாக நினைத்துச் சாய்த்தார். காப்பி முழுவதும் சட்டையில் இறங்கியது.

"பரவால்ல, பரவால்ல," என்று அல்போன்சா துண்டு கொண்டுவந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ழாக்டர்... ஊழி..." என்று பெர்னார்ட் தாடையைக் காட்டினார்.

"தெரியும் சார். ஊசியும் போடுவாங்க," என்றார் அப்பாதுரை. "மனசைத் தளரவிடாதீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் சறுக்கத்தான் செய்யும்."

"இழ்ழ! இழ்ழ!" என்று பெர்னார்ட் எழுந்து நின்று கத்தினார். எழுந்த வேகத்தில் டீப்பாய் சாய்ந்தது. அவ்வளவுதான். அப்பாதுரை ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

"தனியா போக வேண்டாம். நானே விடறேன். என் இடுப்பைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க."

காக்ஸ் டவுனில் ஸ்கூட்டர் நின்றபோது நாணு கேட்டருகே இருந்தார். இருக்காமல் எங்கே போவார்? காப்பிக் கறையோடு, தொங்கிய உதட்டோடு, சம்பந்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இறங்கிய பெர்னார்டைப் பார்த்து, பாவம் என்று தலையை ஆட்டினார்.

அப்பாதுரை கேத்தரினிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கம்மா. திட்டினா ஒண்ணும் ஆகாது. அன்பா பேசுங்க. நாளைக்கு லீவுதானே, எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

அவர் போனதும் கேத்தரின் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"சாப்பாடு போட்டு விஷயத்தைச் சொல்லப் போறாங்க. மரியாதையானவங்க, மரியாதையா வேண்டாம்னு சொல்லுவாங்க. எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்கன்னு அந்த அல்போன்சா வேற காலையில ஃபோன்ல என்னைக் கேக்கறா. எதுக்குக் கேக்கறா? விசாரிக்கறதுக்குத்தானே!"

ஆஞ்சலா அறையிலிருந்து வந்தாள். "அப்பா, என்னதான் நடக்குது? ஜாய்சன் ஃபோன் பண்ணி, உங்க அப்பாவுக்கு இப்ப பரவால்லையான்னு ஒரு மாதிரியா கேக்கறார். நான் என்னன்னு சொல்றது?"

"நீ என்ன சொன்னே?"

"எங்கப்பாவுக்குப் பல்லுதான் ஆடுது, வேற ஒண்ணும் ஆடலன்னேன். அவர் சிரிக்கவே இல்ல." அவள் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினாள். "அவர் நிச்சயத்தன்னிக்குக்கூட ஒயினைத் தொடல, தெரியுமா? லைம் ஜூஸ்தான் குடிச்சார்."

"கேட்டுக்கோங்க," என்றாள் கேத்தரின். "அப்படிப்பட்ட பையன். அவனுக்கு இப்படி ஒரு மாமனார்."

பெர்னார்டுக்கு மரப்பு இறங்கிவிட்டிருந்தது. ஈறு முழுக்க நெருப்பாக எரிந்தது. வாயில் மாத்திரையின் இரும்பு ருசி. எரிச்சல் தலைக்கேறியதில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தான் சாப்பிடுவது குடியை நிறுத்தும் மாத்திரை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அவர்கள் கண்ணெதிரே ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு, வாந்தி எடுக்காமல் ஜம்மென்று உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதானே?

"டாக்டர் கூடாதுன்னாங்களே!" என்றாள் கேத்தரின், அவர் அதைச் சொன்னதும்.

"இன்னிக்கு ராத்திரி மாத்திரையும் நாளைக்குக் காலை மாத்திரையும் சாப்பிடாம விட்டுடறேன். உடம்புல இருந்தாத்தானே வாந்தி?"

ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மூளை இப்படித்தான் யோசிக்கும். மாத்திரை முடிந்தும் ரெண்டு மூணு நாள் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

மறுநாள் குடியரசு தினம். ஊரில் ஒரு மதுக்கடைகூடத் திறந்திருக்காது. அதனால் பெர்னார்ட் வீட்டு ஒயின் பாட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். டிரை டே அன்று சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு மனிதர் கையில் பாட்டிலோடு நின்றால் அது எப்படித் தெரியும் என்று கேத்தரின் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரிந்தது. அல்போன்சா ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன்பே பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பீரோவைத் திறக்கும் சத்தமும் பூட்டும் சத்தமும் கூடம் வரை கேட்டது. திரும்பி வந்தபோது சாவி இடுப்பில் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் மட்டன் பிரியாணி. ஜாய்சன் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினான். அப்பாதுரையின் தம்பி குடும்பமும் வந்திருந்தது. எல்லோர் முன்னும் தண்ணீர் டம்ளர்.

"அந்த பாட்டிலைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா..." என்று பெர்னார்ட் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? பிரியாணி சாப்பிடுங்க," என்றார் அப்பாதுரை.

"ஒரே ஒரு கிளாஸ்."

"வேண்டாம் சார்."

"ஒரு காரணத்தோடதான் கேக்கறேன். ஒரே ஒரு கிளாஸ். உங்க எல்லார் முன்னாடியும் குடிக்கணும்."

"சார், ப்ளீஸ்."

"அரை கிளாஸ்!" பெர்னார்டின் குரல் உடைந்தது. அப்பாதுரையின் தம்பி மனைவி தன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஆஞ்சலா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்ததைப் பெர்னார்ட் பார்த்தார். இனிப் பின்வாங்கவும் முடியாது. "அரை கிளாஸ் குடுங்க, நான் சும்மா உக்காந்திருக்கேனா இல்லையான்னு பாருங்க!"

 அப்பாதுரை மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். "ஜாய்சா, நீ மாடிக்குப் போ," என்றார். பையன் போனான். குடிகார மாமனாரைப் பார்க்கக் கூடாது என்று அனுப்புகிறார்கள் என்று நினைத்துக் கேத்தரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரை கிளாஸ் வந்தது. பெர்னார்ட் ஒரே மூச்சில் குடித்தார். கிளாஸைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முகத்தையும் வெற்றியோடு பார்த்தார்.

"பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல."

சொல்லி முடிக்கும்போது கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பியது. காது ஜிவ்வென்றது. முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. "ஒண்ணும்... ஆகல..." என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அல்போன்சா ஆசையாக வளர்த்த ரோஜாச் செடிகள் அங்கே வரிசையாக இருந்தன.

நிமிர்ந்தபோது அப்பாதுரை ஒரு சொம்பு தண்ணீரோடு நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் மணி நேரம்கூட ஆகல," என்றார், ஒருவித மரியாதையோடு. "நல்ல மாத்திரை."

புதன்கிழமை காலை பெர்னார்டின் இடது தாடை வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டிருந்தது. விட்ட மாத்திரைக்கு ஈறு பழிவாங்கிவிட்டது. பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தவரை நாணு கேட்டார், "எங்க விழுந்தீங்க சாரே?"

"விழல!"

"நேத்து எல்லாக் கடையும் மூடியிருந்துச்சே. எங்கதான் கிடைக்குதோ," என்று நாணு வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

பெர்னார்ட் பால் பாக்கெட்டைத் தரையில் எறிந்தார். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் காம்பவுண்டில் நின்று கத்தினார். "ஈறு! எனக்கு ஈறுல வியாதி! சீழ் வருது! பல்லு ஆடுது! போதுமா?" எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

உள்ளே ஃபோன் அடித்தது. கேத்தரின் எடுத்தாள். பேசி முடித்துவிட்டு வெளிறிப்போய் நின்றாள்.

"அப்பாதுரை. அவரும் அந்தம்மாவும் உங்க டாக்டரைப் பார்க்கணுமாம். நேர்ல பேசணுமாம். டாக்டர் வாயாலயே கேட்டுக்கிட்டு அப்படியே சாமியார்கிட்ட போயிடுவாங்க. ரெண்டாவது ஓலை வாசிக்க மாட்டாங்க."

ஆஞ்சலா ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று பெர்னார்டுக்கு இருந்தது.

"வரட்டும்," என்றார் அவர். "நேரா க்ளினிக்குக்கே வரச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். பரம்பரை வியாதின்னு நினைச்சா நினைக்கட்டும்."

கேத்தரின் மறுக்கவில்லை. "வாய் நாறினா நாறட்டும். குடிகாரன் பொண்ணுங்கற பேருக்கு அது எவ்வளவோ தேவல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லாவண்யா வீங்கிய தாடையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை நிறுத்தினீங்களா?"

"ரெண்டு வேளைதான்..."

"குடிச்சீங்களா?"

"அரை கிளாஸ். நான் குடிகாரன் இல்லன்னு காட்டறதுக்கு."

லாவண்யா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஐந்து வருஷம் படித்த படிப்பில் இப்படி ஒரு காரணத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. "உக்காருங்க," என்றார்.

அப்பாதுரையும் அல்போன்சாவும் அதற்குள் வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாதுரை தொண்டையைச் செருமினார். "டாக்டர், இவர் சாப்பிடற மாத்திரையைப் பத்திக் கொஞ்சம் விவரம் வேணும்."

"சொல்லுங்க டாக்டரம்மா! ஒண்ணு விடாம சொல்லுங்க!" என்றார் பெர்னார்ட், நாற்காலியில் மல்லாந்தபடி. "இவங்களைக் கிட்ட வரச் சொல்லிக் காட்டுங்க!"

அவர் 'ஆ'வென்று வாயைத் திறந்தார். லாவண்யா விளக்கைத் திருப்பி, கண்ணாடியால் உதட்டை ஒதுக்கினார். சம்பந்திகள் இருவரும் எழுந்து வந்து குனிந்து பெர்னார்டின் வாய்க்குள் பார்த்தார்கள்.

"பாருங்க, இது ஈறு. இந்தக் கருவி எவ்வளவு ஆழம் இறங்குது பாருங்க. இவ்வளவு தூரம் பல்லை விட்டுக் கழண்டிருக்கு. உள்ள கிருமி. வேர் வரைக்கும் சுத்தம் பண்ணேன். கூடவே கிருமியைக் கொல்றதுக்கு ரெண்டு ஆன்டிபயாடிக் குடுத்தேன். அதுல மெட்ரோனிடசோல்னு ஒண்ணு மதுவோட சேராது. சேர்ந்தா வாந்தி வரும். அதுக்காகத்தான் குடிக்காதீங்கன்னேன். மத்தபடி குடிக்கும் இந்த மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அன்னிக்கு ராத்திரி... வாய் குழறினது?" என்று அப்பாதுரை மெதுவாகக் கேட்டார்.

"திங்கக்கிழமையா? ரெண்டு பக்கமும் மரத்துப்போற ஊசி போட்டிருந்தேன். யாருக்குப் போட்டாலும் அப்படித்தான் குழறும்."

"அப்ப இவருக்குக் குடிப்பழக்கம்..."

"ஈறைத் தவிர இவர்கிட்ட வேற எதுவும் கெட்டுப்போகல. வருஷக்கணக்கா டாக்டர்கிட்ட வராம ஒத்திப்போடற பழக்கம் ஒண்ணுதான் கெட்ட பழக்கம்."

வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் குழாயும் இருந்ததால் பெர்னார்டால் பேச முடியவில்லை. கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ஜெயித்துவிட்டார். சுவரோரம் நின்ற கேத்தரின், "மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆனால் அப்பாதுரையின் முகத்தில் தெளிவு வரவில்லை. அவர் பின்னால் நகர்ந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.  

அல்போன்சா கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏங்க, அப்ப இவரு சாப்பிடறது நம்ம ஜாய்சன் சாப்பிடற மாத்திரை இல்லையா?"